வெள்ளைக் குண்டுமணி

யாரையும் எடுத்த எடுப்பில் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. கோயில் திருநீற்றைக்கூட விஜயகலா முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கேலி செய்வார்கள். செய்யட்டும். நம்பிக் கெட்டவர்கள் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், சந்தேகப்பட்டுக் கெட்டவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று நானும் திருப்பிக் கேட்பேன். அப்படிக் கேட்கும் தைரியம் இரண்டு மாதம் முன்வரை எனக்கு இருந்தது.

எங்கள் பசு செவலைக்குப் பால் குறைந்தது அப்போதுதான். கறக்க உட்கார்ந்தால் காலை உதறினாள். வாலைச் சுழற்றி என் முகத்தில் அடித்தாள். என் கையைத் தவிர வேறு கை படாத மாடு, என்னையே உதைத்தது.

"ஏழு மாசச் சினை. பால் கொறையாம கூடவா செய்யும்?" என்றார் என் வீட்டுக்காரர் கிருஷாந்த். அவர் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். எஞ்சின் பழுதானால் ஆயிரம் காரணம் தேடுவார், மாடு என்றால் ஒரே காரணத்தோடு படுத்துவிடுவார். அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் கறந்து முடித்து எழும்பும்போது, மாட்டுக் காம்பராவின் கூரையைத் தாங்கும் சவுக்குக் காலில் இருந்த வெடிப்பில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தேன். உருண்டையாக, பளபளவென்று, ஒரு முனையில் மட்டும் கறுப்புப் பொட்டுடன் இருந்தது. வெள்ளைக் குண்டுமணி. சாதாரணக் குண்டுமணியைவிடச் சிறியதுதான், ஆனால் பொட்டு அச்சு அசலாக அதே பொட்டு.

வாழையிலைத் துண்டில் மடித்து மலைக்குக் கொண்டுபோய், என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் வெள்ளையம்மாவிடம் காட்டினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"செவப்புக் குண்டுமணி தங்கம் நிறுக்க, வெள்ளக் குண்டுமணி ஆளக் கெடுக்க. இது ஹூனியத்துக்கு, செய்வினைக்கு வைக்கிறதுடி. கையால தொடாத. போத்தல்ல போட்டு மூடி வையி."

ஜாம் போத்தலில் போட்டு மூடினேன். பகலுக்குள் அது சிவந்தது. பொழுது சாயும்போது கருகருவென்று கறுத்துவிட்டது. குண்டுமணி எங்கேயாவது நிறம் மாறுமா? மாறாது. ஆகவே இது சாதாரணக் குண்டுமணி அல்ல என்று முடிவு செய்தேன். இது குண்டுமணியே அல்ல என்று முடிவு செய்யலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளிலிருந்து மாட்டுக் காம்பராவைச் சல்லடை போட்டுத் தேடினேன். வெடிப்புகளிலும், தகரத்துக்கும் கம்புக்கும் நடுவிலும், ஏற்கெனவே கறுத்துப்போனவை பன்னிரண்டு கிடைத்தன. அதன்பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று, மூன்று நாளைக்கு ஒன்று என்று புதிது வந்துகொண்டே இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றுதான். யாரோ ஆற அமர, நாள் பார்த்து வைப்பது போல.

யார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

அடுத்த வீட்டுக் காம்பராவில் இருப்பவள் லோஜினி, என் கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவான். கல்யாணமாகி ஏழு வருடம் அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கோ இரண்டு, பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் ஐந்தாம் வகுப்பு. இந்த வருடம் தையில் அவள் எம்பிலிப்பிட்டியவுக்குத் தனியாகப் போனாள். கேட்டால் டொக்டர் என்றாள். திரும்பி வரும்போது மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. அடுத்த மாதமே தீட்டு நின்றுவிட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

இப்போது அவளுக்கு ஐந்து மாதம். செவலையும் சினை. ஏழு வருடம் கிடைக்காத கரு ஒன்றை அங்கே மந்திரிக்கிற கட்டாடியா கொடுத்தால், அதற்குப் பதிலாக வேறொரு கருவைக் கேட்டிருப்பான் என்று நான் கணக்குப் போட்டேன். பக்கத்துக் காம்பரா மாட்டின் வயிற்றிலிருப்பதைக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

சாட்சிகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மாட்டுக் காம்பராவில் நான் பின்னேரத்தில் வேப்பிலையும் மானாப்புல்லும் போட்டுப் புகை மூட்டுவது வழக்கம். அதன் பின்பக்கமும் லோஜினி சமைக்கும் குசினியும் ஒட்டினாற்போல இருக்கின்றன. அவள்தான் வந்து, "அக்கா, பொகை வேணாங்க்கா, கொடலப் பொரட்டுது" என்று கேட்டாள். மசக்கைக்காரி கேட்கிறாளே என்று நிறுத்தினேன். அதன்பிறகுதான் இவ்வளவும் நடந்தது. புகை இருந்தால் ஏவல் தங்காது, அதனால்தான் தந்திரமாக நிறுத்தியிருக்கிறாள் என்று பின்பு புரிந்துகொண்டேன். இன்னொரு நாள், நான் தலைவலி என்று மலையிலிருந்து நேரத்தோடு வந்தபோது, அவள் செவலையின் பக்கத்தில் நின்று சவுக்குக் காலின் வெடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"என்னாடி தேடுற?"

"ஒன்னுமில்லக்கா. மாட்டப் பாக்க வந்தேன்."

அந்தக் கை எனக்குப் போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பூசைக்கு லயத்துச் சனம் எல்லாம் மாரியம்மன் கோயிலில் கூடியிருந்தபோது போத்தலைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். பதினெட்டுக் கறுப்பு மணிகள். லோஜினி கற்பூரம் அணைத்துச் சொல்ல வேண்டும் என்றேன். எங்கள் தோட்டத்தில் அதற்கு மேல் வழக்கு இல்லை. அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொன்னால் சொன்னதுதான். பொய் சொன்னவர் பெற்றது தங்காது என்பது அதன் மறுபக்கம்.

பூசாரி காத்தமுத்து தயங்கினார். "வயித்துல புள்ளையோட கற்பூரம் அணைக்கிற வழக்கமில்லம்மா. பெத்து எறங்குனதும் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள என் மாட்டுக்குக் கன்னு கலஞ்சிருச்சின்னா? மடியில கனமில்லன்னா வழியில என்னாத்துக்குப் பயம்?" என்றேன்.

கிருஷாந்த் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன். அதற்குள் லோஜினியே முன்னால் வந்தாள். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மறுகையால் கற்பூரத்தை அடித்தாள். முதல் அடியில் அணையவில்லை. இரண்டாவது முறை உள்ளங்கையை அப்படியே அழுத்தினாள். "நான் வைக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் போகும் வழியில் சனம் விலகி நின்றது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் செவலையின் தலைமாட்டுக் கம்பில் புதிதாக ஒரு வெள்ளைக் குண்டுமணி இருந்தது.

சத்தியம் செய்த கை ஆறுமுன்னே மறுபடி வைத்திருக்கிறாளே, இவள் எப்பேர்ப்பட்டவள் என்று நினைத்தேன். வெள்ளையம்மாவிடம் சொன்னேன். அவளிடம் சொன்னால் தோட்டத்துக்கே சொன்ன மாதிரி. பொய்ச் சத்தியம் என்ற பேச்சு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆரம்பித்து தேயிலை அரைக்கும் ஸ்டோர் வரைக்கும் போனது. லோஜினி குழாயடிக்கு வந்தால் பெண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு இடுப்பு வலித்து, துணியில் இரத்தம் பட்டது. மிட்வைஃப் நோனா வந்து பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, ஆனால் படுக்கையைவிட்டு எழும்பக் கூடாது, மனதில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். "பலிச்சிருச்சி பாத்தியா" என்றாள் வெள்ளையம்மா. அவள் திருப்தியாகச் சொன்னாள். எனக்கு அந்தத் திருப்தி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லோஜினி முனகுவது கேட்டது. செய்தவளாகவே இருக்கட்டும், அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக நினைத்தேன். இது வரைக்கும் நினைக்காமல் இருந்ததை எண்ணி வெட்கமாகவும் இருந்தது.

புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. படுக்கையில் கிடப்பவள் எழும்பி வந்து வைக்க முடியாது. அவளுக்காக வேறு யாரோ வருகிறார்கள், அவர்களையாவது பிடிப்போம் என்று, விடிந்து வெளிச்சம் வந்ததும் மாட்டுக் காம்பராவில் புல்லுக்கட்டின் பின்னால் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. செவலை வாலை அடித்துக்கொண்டே நின்றாள். அவள் வாலுக்கடியில் மாட்டு ஈக்கள் அப்பிக்கிடந்தன. தட்டையான, தோல் தடித்த பழுப்பு ஈ. நசுக்கினாலும் சாகாது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும். புகை நிறுத்தியதிலிருந்து அவை பெருகிவிட்டதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனால் பார்க்கவில்லை.

அதில் ஒன்று மாட்டை விட்டுப் பறந்து, என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருந்த சவுக்குக் காலில் உட்கார்ந்தது. வயிறு ஊதிப்போய், நடக்க முடியாமல் நடந்து, வெடிப்புக்குள் பின்பக்கத்தை வைத்து நின்றது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு அதன் பின்னாலிருந்து வெள்ளையாக ஏதோ பிதுங்கியது. ஈயின் வயிறு அளவுக்கே பெரியது. அது முழுதாக வெளியே வர ஈ பட்ட பாட்டைப் பார்த்து, இரண்டு பிள்ளை பெற்ற என் கால்கள் தாமாகவே இறுகிக்கொண்டன. வந்து விழுந்தது ஒரு வெள்ளைக் குண்டுமணி. முனையில் கறுப்புப் பொட்டு. வயிறு ஒட்டிப்போன ஈ, மறுபடி பறந்து செவலையின் வாலுக்கடியில் போய் ஒட்டிக்கொண்டது.

நான் புல்லுக்கட்டின் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளுத்ததும் பேயாக இருந்திருக்கிறது.

ஆனாலும் என் புத்தி என் புத்திதான். கண்ணால் கண்டதையே நம்பாமல், போனில் படம் பிடித்து நிஸார் நானாவுக்கு அனுப்பினேன். அவர் றக்வானையில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்து மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர். பத்து நிமிடத்தில் அவரே கோல் எடுத்தார்.

"இதா? இது மாட்டு ஈட புள்ள. மத்த ஈ மாதிரி முட்ட போட்டுட்டுப் போற சாதியில்ல இது. ஒன்னே ஒன்ன வயித்துக்குள்ள வெச்சி, உள்ளுக்கே பால் குடுத்து வளத்து, முழுசா வளந்த பொறகுதான் பெறும். பெத்தவுடன அது ஓட்டுக்குள்ள பூந்து கறுத்துப் பெய்த்திரும். மூணு நாலு கெழமையால ஈயாத்தான் வெளிய வரும்."

"ஈக்குப் பாலா நானா?"

"ஓ, பால்தான். ஒங்கட மாட்டுட ரத்தத்தக் குடிச்சி அதுட புள்ளைக்குப் பால் குடுக்குது. ஒரு ஈ அதுட ஆயுசுக்கே பத்துப் பெத்தா பெரிய விஷயம். நீங்க பொகை போடலியா? ஈ கடிச்சா மாடு ஒதைக்கத்தான் செய்யும். பால் கொறையிறதுக்கு அது சினையா இருக்குது, வேறென்ன?"

ஆக, கிருஷாந்த் சொன்னதும் சரி. அதுவும் எனக்கு ஒரு தண்டனைதான்.

ஜாம் போத்தலை எடுத்துக்கொண்டு லோஜினியின் காம்பராவுக்குப் போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவருகில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன், ஈ பெற்றதை, நிஸார் நானா சொன்னதை, என் மடத்தனத்தை. மன்னிச்சிரு என்று நான் யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை. ஆனாலும் சொன்னேன்.

அவள் கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு பவுடர் டின்னை எடுத்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே என்னிடம் இருப்பதைவிட அதிகமாகக் கறுப்பு மணிகள்.

"இது ஏது ஒனக்கு?"

"என் குசினிச் செவுத்துல, வெடிப்புக்குள்ள. ரெண்டு மாசமா பொறுக்குறேன். அப்பறம் ஒங்க மாட்டுக் காம்பராவுலயும் பாத்தேன்."

நான் அவளைப் பிடித்த நாள் ஞாபகம் வந்தது. முந்தானைக்குள் மறைந்த கை.

"என்னான்னு நெனச்ச?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க வைக்கிறீங்கன்னு நெனச்சேன். எனக்குப் புள்ள தங்கக் கூடாதுன்னு."

இத்தனை நாளாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே ஈயின் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் சூனியக்காரி என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"அப்படி நெனச்சவ என்னைய ஏன்டி கேக்கல? கோயில்ல நான் போத்தல வச்சப்பகூட ஒன் டின்னக் கொண்டாந்து காட்டியிருக்கலாமே?"

அவள் அலுத்துப்போனது போல மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போத்தலோடு வெளியே வந்து, அன்று பின்னேரம் புல்லை வேறு மூலையில் போட்டு, அவள் குசினிப் பக்கம் புகை போகாதபடி தகரத்தை மறைத்து மூட்டம் போட்டேன். முன்பே இப்படிச் செய்திருக்கலாம்.

அதன்பிறகு வந்த வெள்ளிக்கிழமை பூசைக்கு நான் முதல் ஆளாகப் போனேன். சனம் கூடியதும் நடுவில் நின்று, நான் சொன்னது அத்தனையும் பிழை என்றேன். போத்தலைக் காட்டினேன். நிஸார் நானாவிடம் கேட்டு வாங்கிவைத்திருந்த குரல் பதிவைப் போனில் சத்தமாகப் போட்டேன். ஈ பால் கொடுக்கிறது என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஊசி போடுற ஆளு நாலும் சொல்லுவாரு. ஈ புள்ள பெறுதாம், பால் குடுக்குதாம்" என்றாள் வெள்ளையம்மா. "ஓரகத்திங்க ரெண்டு பேரும் பேசி ஒன்னாயிட்டாங்க. புள்ளைக்கு ஒன்னு ஆச்சின்னா பழி வந்துருமேன்னு இவளுக்குப் பயம்."

நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். பார்த்தவள் நான் ஒருத்திதானே என்றார்கள். போன தடவை நான் சொன்னபோது ஒரு வார்த்தை கேட்காமல் நம்பியவர்கள்தான் எல்லாரும். கெட்டதைச் சொன்னால் சாட்சி வேண்டாம், நல்லதைச் சொன்னால் சாட்சி வேண்டும். எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாதி அவர்கள்மேல், பாதி என்மேல்.

காத்தமுத்து தொண்டையைச் செருமினார். "அந்தப் புள்ள கற்பூரம் அணைச்சிச்சி. அது பொய்யின்னு சொன்னவ நீ. இப்ப பொய்யில்லங்கிற. அப்ப நீயும் அணைச்சுச் சொல்லிரு. அதோட பேச்சு முடியட்டும்."

அவரே தட்டில் ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்.

நான் முன்னால் போனேன். நான் சொல்லப்போவது உண்மை, அதில் எனக்கு மயிரளவும் ஐயமில்லை. ஆனால் நெருப்புக்கு முன்னால் கையை நீட்டியதும் என் பாழாய்ப்போன புத்தி விழித்துக்கொண்டது. நான் பார்த்தது ஒரே ஒரு ஈயைத்தானே? நிஸார் நானா பிழையாகச் சொல்லியிருந்தால்? மற்ற மணிகளை வேறு யாராவது வைத்திருந்தால்? கூட்டத்தில் என் மகளும் மகனும் கிருஷாந்தின் இருபக்கமும் நின்றார்கள். சின்னவன் என்னைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றான். என் கை இறங்க மறுத்தது. உண்மையைச் சொல்வதற்கே இப்படி இருந்தால், அன்றைக்கு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினேன்.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். படுக்கையை விட்டு எழும்பக் கூடாதவள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு லோஜினி நின்றாள். அவள் உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட இடம் இன்னும் தோல் உரிந்து சொரசொரவென்றிருந்தது.

"வேணாம்க்கா" என்றாள்.

"விடுடி. ஒனக்காகத்தான் செய்றேன்."

"ஏன் கேக்கலன்னு கேட்டீங்கள்ள." அவள் சத்தமாகச் சொல்லவில்லை, எனக்கு மட்டும் சொன்னாள். "கேட்டா நீங்க இதத்தான் செய்ய வேண்டி வரும். ரெண்டு புள்ள பெத்தவங்கள இதுல கை வைக்கச் செய்ய எனக்கு மனசு வரல."

நான்தான் வைத்தேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த நாட்களிலேயே, பொய்ச் சத்தியம் என் பிள்ளைகளைத் தாக்கிவிடும் என்று அவள் நினைத்திருக்கிறாள். அத்தனை சனத்துக்கும் நடுவில் குனிந்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை.